நடக்க இயலாதோர் முன்னே செல்லட்டும்!

பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஞாயிறு அதிகாலை வேளைகளில் நடைப்பயணங்கள் நிகழ்வதைச் சென்னைவாசிகள் அறிவர். ஒரே நிறச் சட்டை, கையில் பதாகை, நிதி உண்டியல். மாற்றுத்திறன் குழந்தைகளின் நலனுக்காக இத்தகைய நடைகள் நடத்தப்படுவது உண்டு. 1992 முதல் உலக மாற்றுத்திறனாளிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படும் டிசம்பர் 3, 2008 முதல் ஆட்டிச விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படும் ஏப்ரல் 2 ஆகியவை இதற்கு ஏற்ற தருணங்கள்.

“பணத்தை நேரே கொடுத்துவிடலாமே, நடப்பானேன்?” எனக் கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். பணம் மட்டுமே நோக்கமாயின் நடை தேவையில்லை. உள்ளறையில் முடங்கிக் கிடக்கும் குழந்தையை ஊரார் நடுவே அழைத்து வருவதே அதன் தலையாய பயன்.

சக்கர நாற்காலியில் உலகப் பயணம்

கனடாவைச் சேர்ந்த ரிக் ஹான்சன் 15 வயதில் விபத்தொன்றில் கால்களின் செயலை இழந்தார். 1985-இல் சக்கர நாற்காலியில் புறப்பட்ட அவர், 34 நாடுகளைக் கடந்து, 40,000 கிலோமீட்டருக்கும் மேல் சென்று 1987-இல் தாயகம் திரும்பினார். கோடிக்கணக்கில் நிதி சேர்ந்தது. அவருக்காகப் பிறர் நடக்கவில்லை. அவரே முன்னே சென்றார், உலகம் பின்தொடர்ந்தது.

மறைத்து வைப்பதன் விலை

நம் இல்லங்களில் நடப்பதென்ன? விருந்தினர் வந்தால் அக்குழந்தை உள்ளே அனுப்பப்படுகிறது. மூத்த பெண்ணின் நிக்காஹ் பேச்சு தடைபடுமோ என்ற அச்சம்! இந்த அச்சத்திற்கு விலை கொடுப்பது குழந்தைதான். செவித்திறன் குன்றிய குழந்தைக்கும் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைக்கும் முதல் சில ஆண்டுகளே பொன்னான காலம். அதைத் தவறவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

உதவி தொலைவில் இல்லை. தியாகராய நகரில் மதுரம் நாராயணன் மையம், பிறந்த குழந்தை முதல் 6 வயது வரையுள்ளோருக்குப் பயிற்சி அளிப்பதற்கென்றே தோன்றியது. அடையாற்றில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத மழலையருக்குப் பேச்சுப் பயிற்றுவிக்கிறது; அங்கே தாயும் ஒரு மாணவியே. மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி இருக்கிறது. கோட்டூர்புரத்து வித்யாசாகரை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜன், தாமும் இத்தகைய மகனைப் பெற்ற தாய். தம் மகனுக்காகத் தேடியதைப் பிற பிள்ளைகளுக்கும் வழங்கினார்.

கண்பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் நன்கறிவோம். அவர் பொருட்டே ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பெற்றன. அவர் மதீனாவில் பாங்கு சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார். அவரை எவரும் உள்ளறையில் மறைத்து வைக்கவில்லை!

கடலும் காத்திருந்தது

மெரினாவில் சக்கர நாற்காலி அலையோரம் வரை செல்ல நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது 2022 நவம்பரில்தான். அடுத்த மாதமே ‘மாண்டஸ்’ புயல் அதைச் சேதப்படுத்தியது, பின்னர் சீரமைக்கப்பட்டது. கோடானுகோடி பேர் கால் நனைத்த கடலைத் தொட இக்குழந்தைகள் இத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. அவர்களும் அவர்தம் பெற்றோரும் வெளியே வந்து கேட்டதால் கிடைத்த பாதை அது.

ஆகவே, நம் ஜமாஅத்துகள் இத்தகைய நடைக்கு ஏற்பாடு செய்தால், சக்கர நாற்காலிகள் முன்வரிசையில் செல்லட்டும். மெதுவாகச் செல்லும் குழந்தையின் வேகமே அனைவரின் வேகமாகட்டும். திரளும் நிதி சிகிச்சைக்கும், பள்ளி சென்றுவரும் வாகனச் செலவுக்கும் பயன்படட்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள, 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி பெறும் உரிமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருப்பதைப் பெற்றோருக்கு எடுத்துரைப்போம்.

தாய்மார்களே! நடை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். மறுநாள் பள்ளிக்கும், மறுவாரம் திருமண விருந்துக்கும், பெருநாள் தொழுகைத் திடலுக்கும் அக்குழந்தை நம்முடன் வருமாயின், அன்றுதான் அந்த நடை உண்மையில் தொடங்கியதாகப் பொருள்.