மஞ்சள் இலை சொல்லும் செய்தி

பயிர் மஞ்சளித்தால் உடனே யூரியா மூட்டையை அவிழ்ப்பது நம்மில் பலரது வழக்கம். ஆனால் எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. காரணம் அறியாது இடும் உரம், கடனாகப் பெற்ற பணத்தையும் பருவத்தையும் ஒருங்கே வீணாக்கும்.

முதலில் எந்த இலை வெளுக்கிறது என்று நோக்குவோம். தழைச்சத்து குறைந்தால், பயிர் அடி இலையின் சத்தை எடுத்துக் குருத்துக்கு அனுப்பும். ஆகவே முதிர்ந்த இலைகளே முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து அவ்வாறு இடம்பெயர்வதில்லை. ஆதலால் இளந்தளிர் வெளுக்கும், நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்கும். மகாராஷ்டிரத்தின் சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் கரும்பு இவ்வாறு வெளுப்பதுண்டு. மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாததே காரணம். உளுந்து, பாசிப்பயறு இலைகளில் பளிச்சிடும் மஞ்சள் திட்டுகள், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோயின் அடையாளம். இது உரத்தால் தீராது; நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிப்பதும் ஈயைக் கட்டுப்படுத்துவதுமே வழி.

இமய அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிரை மஞ்சளாக்கித் துருநிறப் புள்ளிகளால் வாட்டியது 'கைரா'. அதற்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்பதை 1966இல் பந்த்நகரைச் சேர்ந்த அறிவியலாளர் ஒய்.எல். நேனே வெளிப்படுத்தினார். 0.5 விழுக்காடு துத்தநாக சல்பேட்டுடன் 0.25 விழுக்காடு நீர்த்த சுண்ணாம்பு கலந்த கரைசலைத் தெளிப்பது தீர்வாக அமைந்தது.

2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், துத்தநாகம், இரும்பு உள்ளிட்ட 12 கூறுகளை அளந்து தருகிறது. உரத்திற்குச் செலவிடுமுன் அவ்வட்டையைப் படித்தறிவோம். மண் கேட்பதை மட்டுமே கொடுப்போம்.