வளவும் வாசலும் – 11: சாவிகள் வந்துசேர ஒரு வருஷம்

நாள் குறித்த அன்று சாயங்காலம் அயித்தை சமையல்காரரைப் பற்றிக் கேட்கவில்லை, நகையைப் பற்றியும் கேட்கவில்லை. பட்டாலையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, "வீட்டுச் சாவியெல்லாம் யார் யார்கிட்ட இருக்கு? அதை முதல்ல எழுது ஆத்தா" என்றார்கள். கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு மாசம் இருந்தது. அடுத்த வைகாசியில் முகூர்த்தம். பெண் என் ஆச்சி மகள். மற்றவர்கள் அக்கா என்பதை நகரத்தார் நாங்கள் ஆச்சி என்போம். அயித்தை ஆச்சியின் மாமியார், பெண்ணுக்கு அப்பத்தா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சிட்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்த நாற்பது பக்க நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த வாரம் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கிக்குப் போகிற வழியில் புதுவயல். கண்டனூரும் சாக்கோட்டையும் பக்கம். ரயில் நிலையத்துக்கே கண்டனூர் புதுவயல் என்று சேர்த்துத்தான் பெயர். இன்று வெளியூர்க்காரர்களுக்கு இது அரிசி ஆலை ஊர். ஊருக்குள் நுழையும்போதே நெல் அவிக்கிற வாசனை வந்துவிடும். அந்த ஆலைகளுக்குப் பின்னால், தெருவுக்குத் தெரு, பூட்டிய வீடுகள். ஆச்சியின் கணவரான என் அத்தானின் வீடும் அப்படி ஒன்று. கட்டியவர் அத்தானுடைய அய்யாவின் அப்பச்சி, அதாவது கொள்ளுத்தாத்தா. அவருக்குப் பின் பிரிந்து பிரிந்து இப்போது ஏழு பங்கு. நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு மகன் கல்யாணமானபோது அவனுக்கென்று விடப்பட்டவை. அந்த அறையின் சாவி அவன் வாரிசுகளிடம் இருக்கும். முகப்பு, பட்டாலை, வளவு, நடுவீடு, கல்யாணக்கொட்டகை எல்லாம் பொது.

ஆக, என் நோட்டின் முதல் பக்கம் இப்படி: சென்னையில் இரண்டு சாவி, கோயம்புத்தூரில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று, அயித்தையிடம் ஒன்று. ஏழாவது சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று.

காரைக்குடியில் நல்ல மண்டபங்கள் இருக்கின்றன. குளிர்சாதனம், அறைகள், கார் நிறுத்த இடம், எல்லாம் ஒரே சீட்டில் முடிந்துவிடும். ஆச்சிக்கே அந்த எண்ணம் இருந்தது. பெண்தான் சிங்கப்பூரிலிருந்து பேசி, "சின்னாத்தா, நம்ம வீட்டு நடுவீட்டுல வச்சுத்தான் எனக்குத் திருப்பூட்டணும்" என்று சொல்லிவிட்டாள். தாலி கட்டுவதை நாங்கள் திருப்பூட்டு என்போம். பெண் வீட்டில், அவள் பிறந்த வளவில் அது நடப்பது எங்கள் வழக்கம். அவள் சொன்னது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் ஒரு நல்ல காரியமும் நடக்கவில்லை.

பங்காளிகளிடம் கேட்பதுதான் முதல் வேலை. வீட்டைத் திறப்பதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனாலும் கேட்க வேண்டும். அத்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஃபோனில் கூப்பிட்டார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதாதா என்று சின்னவர்கள் கேட்டார்கள். அயித்தை அதற்கு ஒப்பவில்லை. கூப்பிட்டதில் பழைய மனத்தாங்கல்கள் இரண்டு வெளியே வந்தன. ஒன்று கிணற்றடிச் சுவர் பற்றியது, இன்னொன்று ஒரு தேக்குப் பெட்டியைப் பற்றியது. இரண்டையும் பேசித் தீர்க்க ஆடி முடிந்துவிட்டது. கல்யாணம் இல்லையென்றால் அந்தப் பேச்சு நடந்தே இருக்காது.

அடுத்தது கூரை. வைகாசியில் கல்யாணம் என்றால் நடுவில் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை வந்து போகும். மழைக்கு முன்னால் நாட்டு ஓட்டைப் பிரித்து மாற்ற வேண்டும். எங்கள் வீடுகளில் கூரைத் தண்ணீர் நாலு பக்கமிருந்தும் வளவுக்குள் இறங்கும்படி கட்டியிருப்பார்கள். ஒரு ஓடு நகர்ந்தால் உத்தரத்தில் தண்ணீர் இறங்கும், பர்மாத் தேக்கானாலும் அது தாங்காது. ஓடு வேய்கிற ஆள் கிடைக்க ஒரு மாசம் காத்திருந்தோம். பட்டாலையில் பெயர்ந்து கிடந்த தரைக்கற்களுக்கு ஆத்தங்குடியில் சொல்லிவைத்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது. அவசரப்படுத்த முடியாது. பழைய பூ மாதிரிக்கு ஏறக்குறைய ஒத்த கல் கிடைத்தது. உற்றுப் பார்த்தால் பச்சை கொஞ்சம் கூடுதல்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. நல்ல செய்திதான். ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பிரித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும், கல்யாணச் சீராக வந்த எனாமல் தூக்குகளும் அங்கே விலைக்கு நிற்கின்றன. பங்கு வீட்டில் யாரும் தனியாகச் செலவு செய்ய மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து பணம் போடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். நான் பார்த்தவரை அந்தக் காரணம் கல்யாணம்தான். அதை மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டால் வீட்டுக்கு ஓடு மாற்ற யார் வருவார்கள்?

ஒரு வருஷத் திட்டம் எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடைக்குப் போனவர்களுக்கு மூன்று வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடித்துக் கப்பலேறி ஊர் வரும்போதுதான் மகனுக்கோ மகளுக்கோ கல்யாணம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது அந்த ஏற்பாடெல்லாம் குலைந்தது. இப்போது கப்பலுக்குப் பதில் விமானம். மாப்பிள்ளைக்கு எத்தனை நாள் லீவு என்பது ஜாதகத்துக்கு அடுத்தபடி கேட்கப்படுகிறது.

இனி சாமான். நோட்டில் பதினான்கு பக்கம் இதற்கே போயிற்று. வெள்ளி, வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், மரச்சாமான், பாய் தலையணை என்று அயித்தை சொல்லச் சொல்ல எழுதினேன். கல்யாணத்தன்று இதையெல்லாம் பரப்பி வைப்பது வழக்கம். ஒவ்வொரு பாத்திரத்திலும் பெண் வீட்டு விலாசம், அதாவது தலைப்பெழுத்து, வெட்டியிருக்கும். வெளியாட்கள் இதை வெறும் பகட்டு என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. எங்களில் மகனுக்குக் கல்யாணமானதும் "வேறு வைப்பார்கள்". ஒரே வீடுதான், ஒரே வளவுதான், ஆனால் புதுசாக வந்தவளுக்குத் தனி அடுப்பு, தனி உக்கிராணம். வருஷச் சாப்பாட்டுக்கு இன்னின்னது என்று மாமனார் அளந்து கொடுப்பார். மாமியாரும் மருமகளும் ஒரு கூரைக்குக் கீழே தனித்தனியாகச் சமைத்துக்கொள்வார்கள். பதினைந்து வயதில் ஒரு பெண் குடித்தனம் தொடங்கும்போது கரண்டி முதல் அண்டா வரை அவளுடையதாக இருக்க வேண்டும், யாரிடமும் போய் நிற்கக்கூடாது என்பதுதான் அந்தச் சிட்டையின் பொருள்.

பணமும் அப்படித்தான். சீதனப் பணத்தை அவள் பேரில் கடையில் போட்டு வட்டி கட்டுவார்கள். பழைய பேரேடுகளில் அதற்கு ஆச்சிமார் பணம், அதாவது வீட்டுப் பெண்கள் பணம், என்றே பெயர். யூகோ நிஷிமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் நகரத்தார் பெண்களின் சொத்துரிமை பற்றி 1998-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டுப் பெண்கள் அதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அந்தக் கணக்கு இன்று எங்கே போயிற்று? கொடுப்பது பெண்ணுக்கு என்பது மங்கி, மாப்பிள்ளை வீட்டுக்கு என்று ஆகிப்போன குடும்பங்கள் உண்டு. 1961-லேயே வரதட்சிணையைத் தடுத்துச் சட்டம் வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் வாய் திறக்க முடியாமல் கடன் வாங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை. இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. அப்படியும் பதினான்கு பக்கம்! சிங்கப்பூரில் இரண்டு அறை வீட்டில் அண்டாவை எங்கே வைப்பாள்? நானும் ஆச்சியும் அயித்தையிடம் பேசினோம். நாலைந்து நாள் பதில் இல்லை. பிறகு ஒருநாள் காலையில் கூப்பிட்டு, "பேருக்கு ஒவ்வொண்ணுல ஒண்ணு வையி. மிச்சத்தைப் பணமாக்கி அவ பேர்ல போடு" என்றார்கள். பதினான்கு பக்கம் மூன்று பக்கமாயிற்று. பணம் பெண் பேரில் வங்கியில் விழுந்தது. ஆச்சிமார் பணம் என்று நோட்டில் அந்த வரிக்கு மேலே எழுதினேன்.

திருப்பூட்டும்போது கட்டும் கழுத்திருவில் மட்டும் அயித்தை எதையும் குறைக்க விடவில்லை. பவுன் குறையலாம், உருப்படி குறையக்கூடாது. திருமாங்கல்யம், ஏத்தனம், உரு, சரிமணி, கடைமணி, தும்பு, குச்சி, துவாளை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் வரிசையும் உண்டு. ஒரு காலத்தில் இது நூறு பவுனைத் தொட்டதும் உண்டு. அப்படிப் பழைய கழுத்திரு ஒன்று நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் பெண்ணுக்கு ஆச்சியுடையதையே கலைத்து, தேய்ந்த மணிகளை மாற்றி, நாள் பார்த்து மஞ்சள் நூலில் கோத்தார்கள். கோக்கிற வேலையைத் தெரிந்தவர்கள் ஊரில் இப்போது சிலரே. அதனால் கோக்கிறவருக்கு ஆறு மாசம் முன்னாலேயே சொல்லிவைத்தோம்.

சமையல்காரருக்கு ஆவணியிலேயே அச்சாரம் கொடுத்தாயிற்று. கந்தரப்பம், பால் பணியாரம், கும்மாயம், கவுனி அரிசி, மனகோலம் என்று பட்டியல் போய்க்கொண்டிருக்கும், அதற்கு இன்னொரு வாரம் வேண்டும். அரிசிக்கு மட்டும் அலையவே இல்லை. தெருமுனையில் ஆலை. தாம்பூலத்துக்கு முந்நூறு கொட்டான் சொன்னோம். பனையோலையில் முடைந்து, சாயமேற்றி, விளிம்பில் மணி கோத்த கூடை. ஒரு காலத்தில் ஆச்சிமார்களே மத்தியானங்களில் பின்னியது. மறைந்துகொண்டிருந்த அந்தக் கைவேலையை விசாலாட்சி ராமசாமி அவர்கள் தம் அறக்கட்டளை மூலம் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கி மீட்டார்கள். முந்நூறு என்றால் மாசக்கணக்கு ஆகும்.

இவ்வளவு செய்தாலும், கோயில் மாலை வராவிட்டால் எங்களில் அது கல்யாணம் ஆகாது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் இதில் ஒன்றைச் சேர்ந்தது. ஒரே கோயிலில் ஒரே பிரிவுக்காரர் பங்காளி. பெண் வீட்டுக் கோயிலிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலிருந்தும் அன்று மாலை வர வேண்டும், அதற்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மாலை வந்த பிறகு அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளி வரி கட்டும் தனிக் குடும்பம். இரு வீட்டாரும் இசைந்ததற்கு இசைகுடிமானம் என்ற கல்யாண ஓலை எழுதுவார்கள். சிங்கப்பூரில் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதே என்று மாப்பிள்ளையின் நண்பர் கேட்டார். அது அரசாங்கத்துக்கு, ஓலை எங்களுக்கு. புதுவயல் வீட்டின் எட்டாவது பேரேட்டில் அயித்தையின் கல்யாண ஓலையின் நகல் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது.

பங்குனியில் படைப்பு. வீட்டில் முன்னால் இருந்து மறைந்தவர்களுக்குப் புடவையும் வேட்டியும் வைத்துப் படைத்து, பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐந்து சாவிகள் அன்றைக்கு வந்துசேர்ந்தன. கோலாலம்பூர்ச் சாவி சித்திரையில் வந்தது.

சிங்கப்பூர்ச் சாவி கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அதன் சொந்தக்காரருடனே வந்தது. எழுபது வயது. இந்த வீட்டைவிட்டுப் போனபோது பத்து வயதாம். பூட்டில் தேங்காயெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து திருப்பினோம். உள்ளே அவருடைய ஆத்தா சீராகக் கொண்டுவந்த சாமான், வைக்கோல் சுற்றியபடி. பாதி பிரிக்கவே இல்லை. அவர் ஒரு வெண்கலப் பானையை எடுத்துத் துண்டால் துடைத்து, விலாசத்தை வாய்விட்டுப் படித்தார். அயித்தை வாசற்படியில் கையூன்றி நின்று, "அது உங்காத்தா வேறு வச்சப்போ பால் பொங்கினதப்பா" என்றார்கள்.

பானை கல்யாணக்கொட்டகைக்குப் போயிற்று. சிட்டையில் அது இல்லாததால், கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

(தொடரும்)