சென்னை - யாழ்ப்பாணம் வான்வழி

சென்னை - யாழ்ப்பாணம் வான்வழி என்பது தமிழ்நாட்டின் சென்னை பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும், இலங்கையின் வடக்கே பலாலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணம் பன்னாட்டு வானூர்தி நிலையத்தையும் நேரடியாக இணைக்கும் வழியாகும். இவ்விரு நிலையங்களுக்கும் இடையேயான தொலைவு ஏறத்தாழ 355 கிமீ ஆகும்.

தொலைவு

வானூர்தி நிலையங்களுக்கு இடையேயான தொலைவு சாலைத் தொலைவைப் போல் அளக்கப்படுவதில்லை. கோள வடிவான புவியின் பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோடே இதற்குக் கொள்ளப்படுகின்றது. இது பெருவட்டத் தொலைவு எனப்படும்.

சென்னை நிலையம் 12°59′ வட அகலக்கோட்டிலும், பலாலி 9°47′ வட அகலக்கோட்டிலும் உள்ளன. இரண்டும் ஏறக்குறைய 80° கிழக்கு நெடுங்கோட்டிலேயே அமைந்துள்ளதால் கணக்கு எளிதாகின்றது. அகலக்கோட்டு வேறுபாடு 3°12′, அதாவது 192 பாகைத்துளிகள். ஒரு பாகைத்துளி ஏறத்தாழ ஒரு கடல் மைல் (1.852 கிமீ) ஆகும். எனவே தொலைவு 192 கடல் மைல், அல்லது சுமார் 355 கிமீ.

பயண நேரம்

இவ்வழியில் பயன்படும் ஏடிஆர் 72 வகை வானூர்தி மணிக்கு ஏறத்தாழ 500 கிமீ வேகத்தில் பறக்கக்கூடியது. இதன்படி 43 நிமிடங்கள் போதும். ஆனால் கால அட்டவணைகளில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் வரை குறிக்கப்படுகின்றது. ஓடுபாதைக்குச் செல்லுதல், மேலேறுதல், இறங்குதல் ஆகியவற்றுக்கும் நேரம் தேவைப்படுவதே இதற்குக் காரணம். இந்தியாவும் இலங்கையும் ஒரே நேர வலயத்தைப் பின்பற்றுவதால் பயணிகள் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

நிலையத்தை அடையும் நேரம் இதில் அடங்காது. செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரத்திலிருந்து புறப்படும் ஒருவர், கடலைக் கடப்பதைவிடச் சென்னை நிலையத்தை அடையவே கூடுதல் நேரம் செலவிடுவார்.

வரலாறு

பலாலி வான்தளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் வானூர்தி, கொழும்பை அடுத்த இரத்மலானையில் இருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பின்னர் இச்சேவை நின்றுபோனது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பலாலி படைத்தளமாக விளங்கியது.

நேரடிச் சேவை இல்லாத காலத்தில், சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் ஏறத்தாழ 645 கிமீ பறந்து கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் வடக்கு நோக்கி 350 கிமீக்கும் மேல் தரைவழியாகச் செல்ல வேண்டியிருந்தது. மொத்தத் தொலைவு நேர்வழியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. போரின்போது இத்தரைவழியும் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்தது.

மீண்டும் தொடக்கம்

2019 அக்டோபர் 17 அன்று பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 11 இல் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து சேவையைத் தொடங்கியது. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 இல் மீண்டும் தொடங்கியது. இண்டிகோ நிறுவனம் 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேவைகளைத் தொடங்கியது. திருச்சிராப்பள்ளி - பலாலி தொலைவு ஏறத்தாழ 185 கிமீ மட்டுமே.