வாயிற்காவலரின் தவக்காலம்

கத்தோலிக்கர் தவக்காலம் என்றும் சீர்திருத்தச் சபையினர் லெந்து நாட்கள் என்றும் வழங்கும் காலம், ஈழத்துக் கத்தோலிக்கர் விபூதிப் புதன் எனச் சொல்லும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவதோடு தொடங்கி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாட்களைச் செபத்துக்கும் நோன்புக்கும் தருமத்துக்கும் உரியதாக்குகிறது. யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் இது ஊரே சேர்ந்து அனுசரிக்கும் காலம்: திருமணங்கள் தள்ளிப்போகும், சுத்தபோசனம் எனப்படும் புலால் மறுப்பு வீட்டுக்கு வீடு நடக்கும், ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய வியாகுலப் பிரசங்கம் கோவிலில் வாசிக்கப்படும்.

மொன்றியலிலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. கியூபெக் மாகாணத்தின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெரும்பாலும் திருச்சபையின் கையிலிருந்த நிலை, 1960களில் அமைதிப் புரட்சி எனப்பட்ட சமூக மாற்றத்தில் முடிவுக்கு வந்தபின், தவக்காலம் தெருவிலிருந்து விலகித் தனிமனிதரின் விருப்பமாகச் சுருங்கியது. 1980களில் அகதிகளாக வந்த தமிழர் கண்டது இந்த நகரத்தைத்தான். இங்கே விபூதிப் புதன் வேலைநாள். பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாளான திங்கள் ஆகிய இரண்டில் எதை விடுமுறையாகத் தருவது என்பதைப் பொதுவாக முதலாளியே முடிவுசெய்கிறார். கனடிய ஆயர்களோ வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விடுவதற்குப் பதிலாக ஓர் அன்புச்செயலையோ பக்திச்செயலையோ செய்யலாம் என அனுமதித்துள்ளனர்; இது சலுகைபோலத் தோன்றினாலும், என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் தாமே தேடவேண்டியிருப்பதால், உண்மையில் கடினமான விதியே.

அந்தத் தேடலுக்கு இந்நகரம் தரும் விடை, மவுன்ட் ரோயல் மலைச்சரிவில் நிற்கும் புனித சூசையப்பர் திருத்தலத்தைத் தொடங்கிய சகோதரர் ஆந்திரே பெசெத் (1845–1937). அதிகம் எழுதப்படிக்கத் தெரியாத, உடல் நலிந்த இவர், நோத்ர்தாம் கல்லூரியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாயிற்காவலராக இருந்து, கதவு திறந்தார், தரை துடைத்தார், கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார், மாலையில் நோயாளரைப் பார்க்கப் போனார். மாணவருக்கு முடிவெட்டிப் பெற்ற ஐந்தைந்து சதத்தைச் சேர்த்துவைத்து, 1904இல் கல்லூரிக்கு எதிரே எழுந்த சிறு மரச்சிற்றாலயத்துக்குக் கொடுத்தார். வயிற்றுக்கோளாறு காரணமாகத் தண்ணீரில் கரைத்த மாவையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்தவர் என்பதால், இவரது நோன்பு எங்கே தொடங்கி நோய் எங்கே முடிந்தது என்று பிரிப்பது கடினம். புனிதர் வரலாறுகள் கண்டிப்பான ஒறுத்தல் முயற்சிகளை விரும்பிச் சொல்வதுண்டு, ஆனால் இவரிடம் அவை அன்றாட வேலைக்குள்ளேயே கரைந்துவிட்டன. 2010இல் இவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இன்று அத்திருத்தலத்தின் 283 படிகளில் நடுவிலுள்ள 99 மரப்படிகள், முழந்தாளிட்டு ஏறுவோருக்கென விடப்பட்டுள்ளன. சூசையப்பர் பெருவிழாவான மார்ச் 19 எப்போதும் தவக்காலத்திலேயே வருகிறது. அது வெள்ளிக்கிழமையாக அமைந்தால், பெருவிழா என்பதால், திருச்சபைச் சட்டப்படி அன்று சுத்தபோசனக் கடமை இல்லை.