கண்ணாடித் தட்டில் நிகோடின்

புகையிலையின் சத்தாகிய நிகோடினை 1828-இல் ஹைடெல்பர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்த போசெல்ட், ரைமான் என்னும் இரு இளைஞர்கள் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். பிற்காலத்தில், நரம்பின் ரகசியங்களைத் துருவி அறிய முனைந்த சரீர சாஸ்திரிகளுக்கு அந்த விஷமே அருமையான உபகரணமாயிற்று. 1889-இல் கேம்பிரிட்ஜில் லாங்லி என்பவர், டிக்கின்ஸன் என்னும் சகாவோடு சேர்ந்து, நரம்பு முடிச்சொன்றின்மீது நிகோடின் கரைசலைத் தூரிகையால் தடவிவிட்டு, முடிச்சுக்கு முன்னால் நரம்பைத் தூண்டினால் யாதொரு விளைவும் இல்லை, முடிச்சைக் கடந்து தூண்டினால் விளைவு வழக்கம்போல் உண்டாகிறது என்று கண்டார். செய்தி தடைப்படும் இடம் முடிச்சுக்குள்ளேதான் என்பது ஐயமறத் துலங்கிற்று. அணுக்களில் மருந்தை ஏற்றுக்கொள்ளும் வஸ்து ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1905-இல் அவர் வற்புறுத்தியதும் நிகோடின் பரிசோதனைகளின் பயனே.

அந்த ஆராய்ச்சியின் ஒரு சிறு பகுதி இன்று, கோடை விடுமுறையில் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் பயிற்சி பெற வரும் அமெரிக்க இளங்கலை மாணவர்களின் கைக்கும் எட்டியிருக்கிறது. டெக்ஸாஸில் டென்டன் நகரத்துச் சர்வகலாசாலையில் குந்தர் கிராஸ் என்னும் விஞ்ஞானி வளர்த்தெடுத்த முறைப்படி, சுண்டெலிக் கருவின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த நரம்பணுக்களை, 64 நுண்ணிய மின்முனைகள் பதித்த கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்கள். மின்முனைகளின் பாதைகள் ஒளி ஊடுருவக் கூடியவை, ஆதலால் அணுக்களை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே அவற்றின் துடிப்பையும் பதிவு செய்யலாம். தனித்தனியே சிதறிவிடப்பட்ட அணுக்கள், 37 பாகை உஷ்ணத்தில், ஊட்டநீரில் தாமே கிளைவிட்டு, ஒன்றையொன்று பற்றி, யாரும் தூண்டாமலே துடிக்கத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஏககாலத்தில் பொங்கி ஏககாலத்தில் அடங்கும் ஒரே கூட்டமாகிவிடுவதைக் காட்டிலும் அதிசயமான காட்சி ஜீவசாஸ்திரத்தில் அதிகம் இல்லை என்பேன். ஒரு மாதம் என்பது விடுமுறையில் பெரும்பங்கு. ஆகையால் மாணவர் வந்து சேருமுன்பே அவருக்கான தட்டுகளை வளர்க்கத் தொடங்கிவிட வேண்டியிருக்கிறது.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் திரவியங்களுள் ஒன்றான அஸிட்டைல்கோலின், தனக்குரிய ஏற்பியைத் தொட்டு, அதன் நடுவிலுள்ள துளையைத் திறந்து, சோடிய அயனிகளை உள்ளே விட்டு, மறுகணமே ஒரு நொதியால் சிதைக்கப்பட்டுவிடுகிறது. நிகோடினும் அதே ஏற்பியைத்தான் தொடுகிறது. ஆனால் அந்த நொதிக்கு அது வசப்படாமையால், வந்த காரியம் முடிந்த பிறகும் திண்ணையை விட்டு எழாத விருந்தாளியைப் போலத் தங்கிவிட, ஏற்பி சோர்ந்து, நிகோடின் ஒட்டியிருக்கும்போதே துளையை மூடிக்கொள்கிறது. ஆகவே முதலில் கிளர்ச்சி, பின்பு மந்தம் என்று எதிர்பார்க்கத் தோன்றும். கூட்டத்தின் கணக்கோ அவ்வளவு நேரானதன்று. கிளர்ச்சியூட்டும் அணுக்களிலும் இந்த ஏற்பிகள் உண்டு, பிறவற்றை அடக்கும் அணுக்களிலும் உண்டு. அடக்குபவை கிளர்ந்தெழுந்தால் கூட்டம் அமைதியுறும், அவை சோர்ந்தால் கூட்டம் பொங்கும். ஓர் அணுவைத் தனியே ஆராய்ந்து இதை முன்கூட்டிச் சொல்லிவிட இயலாது என்பதனாலேயே இந்தத் தட்டுகளுக்கு இத்தனை மதிப்பு.

மருந்து கலவாத ஊட்டநீரைச் சேர்த்தாலே சில வேளைகளில் துடிப்பு மாறிவிடக்கூடும். ஆகையால் அதனை முதலில் விட்டு, துடிப்பு நிலைப்படும்வரை பொறுமையோடு காத்திருந்து, பின்னரே நிகோடினைத் தொட வேண்டும். அளவு விஷயத்திலும் மிகுந்த நிதானம் தேவை. புகைப்பவரின் இரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 50 நானோகிராம் நிகோடினே சாதாரணமாகக் காணப்படும். தட்டில் அதைப்போல் நூறு மடங்கு விட்டுவிட்டு, கண்ட மாறுதலைப் புகைப்பவரின் மூளைக்கும் உரியதாகச் சொல்வது நியாயமாகாது. மேலும் புகைப்பழக்கத்தின் பிடி மூளையின் ஆழத்திலுள்ள டோபமைன் பாதையைப் பெரிதும் சார்ந்தது. புறணி அணுக்களின் தட்டில் அந்தப் பாதை கிடையாது.

மாறுதல் இந்த ஏற்பிகளின் வழியாகத்தான் நேர்ந்ததா என்று அறிய, ஒரு காலத்தில் இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்பட்ட மெகாமிலமைன் என்னும் மருந்தால் அவற்றை முன்கூட்டியே அடைத்து, வேறொரு தட்டில் நிகோடினைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது மாறுதல் தோன்றாதிருந்தால், மாணவர் தம் பதிவேட்டில் ஏற்பியைக் காரணமாகத் துணிந்து குறிக்கலாம். தோன்றினாலோ, விடுமுறையின் எஞ்சிய நாட்களை வேறு காரணம் தேடுவதில் செலவிட வேண்டியதுதான்.