ஹெட் காஸ்கெட் பழுதும் பரிகாரமும்

சிற்றாற்றில் புதுநீர் புரண்டு, குற்றாலத்துச் சாரல் மேலகரத்து வயல்வெளிகளையும் நனைக்கும் ஆனி, ஆடி மாதங்களில் உழவருக்கு ஒரு நாளின் மதிப்பு மிகப் பெரிது. கார்ப் பட்டத்து நடவுக்குத் தொழி கலக்கும் டிராக்டர்கள் ஓய்வின்றி உழைக்கும் காலம் அது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு புளியரை மலைப்பாதையில் ஏறிக் கேரளத்துக்குச் செல்லும் சிறு லாரிகளின் நிலையும் அத்தகையதே. பாரம் மிகுந்த இவ்வேளைகளில் எஞ்சின் கொதித்து ஆவி கக்கி நின்றுவிட்டால், சுற்றி நிற்போர் சொல்லும் முதற் சொல் ‘காஸ்கெட் போய்விட்டது’ என்பதாகும். அச்சொல் மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். சோதித்து அறியாமல் ஹெட்டைக் கழற்றுவது, நாடி பாராமல் அறுவைச் சிகிச்சை செய்வதற்கு ஒப்பாகும்.

காஸ்கெட்டின் விலை பெரிதன்று. ஹெட்டைக் கழற்றிப் பூட்டும் கூலியும், வண்டி வேலையின்றி நிற்கும் நாட்களின் நஷ்டமுமே பெரியவை. சங்கங்களின் ஏடுகளை நாம் ஆய்வு செய்யுங்கால், ஒரே எஞ்சினுக்கு ஒரே பழுதை ஓராண்டில் இருமுறை பார்த்ததாகச் செலவுச் சீட்டுகள் காணப்படுவதுண்டு. நோய்க்கு மருந்திட்டு, நோயின் முதலை விட்டுவிட்டதன் பலன் அது.

காஸ்கெட் செய்யும் வேலை

பிஸ்டன்கள் இயங்கும் பகுதியைப் பிளாக் என்றும், அதன்மேல் மூடியாக அமைவதை ஹெட் என்றும் வழங்குகிறோம். இவ்விரண்டின் நடுவே இருக்கும் மெல்லிய தகடே ஹெட் காஸ்கெட். 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில், காற்றை அழுத்திச் சூடேற்றி அதில் எண்ணெயைச் செலுத்தி எரிப்பதே அடிப்படை முறை. இக்காலத்து டீசல் எஞ்சின்கள் காற்றை ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை அழுத்துகின்றன. இவ்வளவு அழுத்தத்தையும் சிலிண்டருக்குள் அடைத்து வைத்து, அருகிலேயே ஓடும் குளிர்விக்கும் நீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது இந்தத் தகடுதான்.

அறிகுறிகளும் ஐயங்களும்

வெளியே எங்கும் ஒழுகாமல் ரேடியேட்டர் நீர் குறைதல், ஆயில் பால்போல் வெளுத்தல், எஞ்சின் சூடான பின்பும் வெண்புகை ஓயாமை, அடிக்கடி கொதித்தல், ஸ்டார்ட் ஆகத் தயங்குதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். ஆனால் இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து நின்று பழுதை மெய்ப்பிக்காது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் அடியில் படியும் வெண்நுரை, காற்றின் ஈரத்தாலும் உண்டாகும். இஞ்செக்டர் பழுதுபட்டு எரியாத டீசல் வெளியேறினாலும் புகை வெளுக்கும். அதில் டீசல் வாடை வீசும். லைனர் அடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டாலும், ஆயில் கூலர் ஓட்டையானாலும், ஹெட் வெடித்திருந்தாலும் நீர் ஆயிலிற் சேரும். ஃபேன் பெல்ட் தளர்ந்தாலும், தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டாலும் எஞ்சின் கொதிக்கும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, செலவில்லாத சோதனை. எஞ்சினை இரவு முழுதும் நிறுத்திவைத்து, காலையில் ஆயில் தொட்டியின் அடித்திருகைச் சிறிதே தளர்த்துக. நீர் ஆயிலைவிடக் கனமானதாகையால், அடியில் தேங்கியிருந்தால் அதுவே முதலில் சொட்டும்.

இரண்டாவது, குமிழிச் சோதனை. எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரை விளிம்பளவு நிரப்பி, பின்னரே ஸ்டார்ட் செய்க. தொடக்கத்தில் அடைபட்ட காற்று சிறிது வெளியேறும், அது இயல்பு. குமிழிகள் நில்லாமல் வந்துகொண்டே இருந்து, வேகத்தைக் கூட்டும்போது தாமும் கூடினால், எரிந்த வாயு நீரிற் புகுகிறது என்பது தெளிவு. சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரிக்கு மேலும் காய்ந்திருக்கும். திறந்த கணமே முகத்திற் பாய்ந்து வேகவைத்துவிடும்.

மூன்றாவது, ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனை. எரிந்த வாயு பட்டால் அத்திரவம் மஞ்சளாக மாறும். டீசல் எஞ்சினில் பச்சையளவோடு நிற்பதும் உண்டு.

நான்காவது, அழுத்தமானியால் ஒவ்வொரு சிலிண்டரையும் அளத்தல். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றின் இடையே காஸ்கெட் எரிந்திருக்கக்கூடும். பெட்ரோல் எஞ்சினுக்குரிய மானி டீசலின் அழுத்தத்தைத் தாங்காது, டீசலுக்குரியதையே கொள்க.

இங்கு ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சுழல மறுத்தால் வலிந்து சுழற்றற்க. சிலிண்டரில் நீர் நிறைந்திருக்கலாம். நீர் அழுங்காது, ஆதலின் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இஞ்செக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்றுக.

பழுது நீக்கும் முறை

எஞ்சின் முற்றும் குளிர்ந்த பின்பே வேலையைத் தொடங்குக. பேட்டரி இணைப்பை நீக்கி, நீரையும் ஆயிலையும் வடித்து, கழற்றும் உறுப்புகளை வரிசை மாறாமல் வைத்துக்கொள்க. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுநோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

எடுத்த காஸ்கெட்டை எறிந்துவிடாமல் உற்று நோக்குக. வாயு கசிந்த வழி கரிக்கோடாகத் தெரியும். அத்தகைய கோடு காணாவிடில், ஹெட்டில் வெடிப்பு உண்டா என்று பட்டறையில் அழுத்தச் சோதனை செய்வது அவசியம். பழைய எஞ்சின்களின் காஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசு புற்றுநோய் விளைவிப்பது. ஆதலால் உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து அகற்றுக.

பிறகு நேர்ச்சட்டத்தை ஹெட்டின் முகத்தில் குறுக்கும் நெடுக்கும் வைத்து, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு வளைவே பல எஞ்சின்களுக்குப் பொறுக்கமாட்டாதது. அளவு மீறினால் பட்டறைக்கு அனுப்புக. வீட்டில் அரம் கொண்டு ராவுதல் கூடாது. போல்ட் துளைகளில் நீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் துடைத்து உலர்த்துக. அது தேங்கிய நிலையில் போல்ட்டை முறுக்கினால் பிளாக்கே பிளக்கும். டீசல் காஸ்கெட்டுகள் பல கனங்களில் வருவதால், பழையதன் ஓரத்திலுள்ள வெட்டு அல்லது துளைக் குறிகளைப் பார்த்து அதே கனமுள்ளதை வாங்குக.

புதிய காஸ்கெட்டை மேல்கீழ் மாறாமல் பொருத்தி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரம்நோக்கிப் பல தவணைகளில், டார்க் ரெஞ்ச் கொண்டு, கைநூல் கூறும் அளவுக்கு முறுக்க வேண்டும். இதன் காரணம் நெசவாளர்க்கு எளிதில் விளங்கும். பாவில் ஒரு புறம் இறுக்கமும் மறுபுறம் தளர்ச்சியும் இருந்தால் துணி எங்ஙனம் கோணுமோ, அங்ஙனமே ஒரு போல்ட் மிகையாக இறுகினால் ஹெட் கோணும்; காஸ்கெட் மறுபடியும் கசியும். முறுக்கில் நீளும் வகைப் போல்ட்டாயின் பழையதை மீண்டும் பயன்படுத்தலாகாது. பின் வால்வு இடைவெளியைச் சரிசெய்து, ஆயிலும் ஃபில்டரும் புதிதாக்கி, டீசல் குழாய்களிலுள்ள காற்றை நீக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும்.

மூல காரணம்

காஸ்கெட் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. மிகு சூடே அதைக் கெடுக்கிறது. தொழி கலக்கும் டிராக்டரின் ரேடியேட்டர் முகத்தில் சேறும் வைக்கோலும் அப்பிக்கொள்கின்றன. கிணற்றின் உப்பு நீரை ஊற்றுவதால் உட்குழாய்களில் காறை படிகிறது. ஆகவே நாள்தோறும் ரேடியேட்டரைக் கழுவுக. தளர்ந்த பெல்ட்டை இறுக்குக. குறிப்பிட்ட கூலன்ட் கலவையையே ஊற்றுக. ஓட்டை அடைப்பதாகச் சொல்லி விற்கும் மருந்துகள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும் ஆகையால், அவற்றை நம்பற்க.

டார்க் ரெஞ்ச், டீசல் அழுத்தமானி, நேர்ச்சட்டம், ஃபீலர் கேஜ் ஆகியவற்றைத் தனி ஒருவர் வாங்குவது கடினம். வாங்கினாலும் அவை ஆண்டில் பலநாள் பரணிலேயே கிடக்கும். உழவு இயந்திரங்களை வாடகைக்கு விடும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும், நூலும் துணியும் ஏற்ற வண்டி வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்களும் இக்கருவிகளை ஒரு தொகுதியாக வாங்கிவைத்து அங்கத்தினர்களுக்கு வழங்கலாம். கொதித்த எஞ்சினைக் கண்டவுடன் ஸ்பானரைத் தேடாமல், முதலில் மானியைத் தேடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றுமாயின், சாரற் காலத்தில் வீணாகும் நாட்களில் பல மிஞ்சும்.