பட்சி தீர்த்தத்தின் உச்சிக்கால விருந்தினர்

தணிகை முருகனைத் தரிசித்துவிட்டு, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகத் திருக்கழுக்குன்றம் செல்வது தொண்டை நாட்டுப் பெரியவர்கள் பலருக்குப் பழகிய யாத்திரை. இன்று எழுபதைக் கடந்தோரிடம் அத்தலத்தைப் பற்றிக் கேட்டால், வேதகிரீஸ்வரரைப் போற்றிய கையோடு, கழுகுகள் வந்து பொங்கல் உண்டதைக் கண்குளிரக் கண்டதாகக் கூறுவர். உடன் வரும் பேரக்குழந்தைகளுக்குக் காட்டத்தான் இப்போது கழுகுகள் இல்லை.

சாபத்தால் கழுகுருப் பெற்ற முனிவர் எண்மர், யுகத்துக்கு இருவராக இத்தலத்தில் வழிபட்டனர் என்பது தலபுராணம். கிருத யுகத்தில் சண்டனும் பிரசண்டனும். திரேதா யுகத்தில் சம்பாதியும் ஜடாயுவும். துவாபர யுகத்தில் சம்புகுத்தனும் மாகுத்தனும். கலியுகத்தில் சம்புவும் ஆதியும். காலையில் கங்கையில் நீராடி, உச்சி வேளையில் இங்கு அமுதுண்டு, பின் இராமேசுவரம் செல்பவை இவை என்பது அடியார்களின் நம்பிக்கை. பட்சி தீர்த்தம் என்ற பெயரும் இதனால் வந்ததே.

ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி வந்த கூட்டம், நண்பகலில் மூச்சடக்கி வானத்தையே நோக்கியிருக்கும். நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கலுடன் பூசகர் பாறைமேல் அமர்ந்திருப்பார். இரு வெண்ணிறப் பறவைகள் இறங்கி, மனிதரைக் கண்டு மிரளாமல் நடந்து வந்து, அவர் ஊட்டுவதை உண்டுவிட்டுப் பறந்து செல்லும். அவை உண்டு எஞ்சியது அன்பர்களுக்குப் பிரசாதமாகும். பறவைகள் வராத நாளில், கூட்டத்தில் பாவி எவரோ இருக்கிறார் என்று முணுமுணுப்பு எழும். வெயிலில் படியேறி வந்தவர்களுக்கு இது சற்றுக் கடுமையான தீர்ப்புதான்!

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் இம்மலைக்கு வந்துள்ளனர். பல்லவர் குடைவரையான ஒருகல் மண்டபத்தில் அவர்கள் செதுக்கிச் சென்ற பெயர்கள் இன்றும் உள்ளன.

பறவையியலார் இப்பறவையை மஞ்சள்முகப் பாறு என்பர். குடமுழுக்கு வேளையில் வானில் வட்டமிட, கருடனாக வணங்கப்படும் செம்பருந்து வேறு, இது வேறு. வெண்ணிற உடல், இறக்கை ஓரத்தில் கருமை, மயிரற்ற மஞ்சள் முகம். செத்த விலங்கையும் கழிவையும் தின்று ஊரைத் தூய்மை செய்வது இதன் தொழில். பாறை இடுக்குகளில் கூடு கட்டி, பெரும்பாலும் 2 முட்டைகளே இடும். ஆப்பிரிக்காவில் இவ்வினப் பறவைகள் அலகால் கல்லெறிந்து நெருப்புக்கோழி முட்டையை உடைப்பதும் உண்டு. மலைப்பாறையும் மனிதர் வாழும் ஊரும் அருகருகே அமைந்த கழுக்குன்றம் இவற்றுக்கு ஏற்ற இடமாயிருந்ததில் வியப்பில்லை.

1998க்குப் பின் அவை அங்கு வரவில்லை. பாவி மீது பழிபோட்டு ஆறுதல் கொள்ள இனி இயலாது. ஏனெனில், அக்காலத்தில் நாடெங்கும் பாறுகள் மறைந்துகொண்டிருந்தன. மூன்று வகைப் பாறுகள் 97 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என்பது 2004இல் உறுதியானது. மருந்தேறிய மாடு இறந்தால், அதைத் தின்ற பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். மஞ்சள்முகப் பாறும் அதே ஆண்டுகளில் வேகமாகக் குறைந்தது. 2007 முதல் உலக அளவில் அருகிவரும் இனமாக அது பட்டியலிடப்பட்டுள்ளது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடுத்தது. மனிதர்க்கான பெரிய மருந்துக்குப்பிகள் மாட்டுக்குத் திருப்பப்பட்டதால், 2015இல் அவை 3 மில்லியாகக் குறைக்கப்பட்டன. பாறுகளுக்குக் கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் ஆகியவையும் 2023இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. மாற்றாக உள்ள மெலாக்சிகாம் பாறுகளைக் கொல்வதில்லை. கோசாலைக்குப் பசு வழங்கும் அன்பர்கள், முதிர்ந்த பசுவுக்கு எந்த ஊசி போடப்படுகிறது என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். தமிழகத்தில் பாறுகள் இன்று பெரிதும் எஞ்சியிருப்பது நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான்.